இரண்டாவது வாக்கியம்

இப்போது யாராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் நன்றாக இருக்கும். இன்னார்தான் என்றில்லை, பால்காரர் வந்தாலும் போதும். வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். எதுவும் கேட்காமல் திரும்பிப் போக வேண்டும். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னதாக மட்டும் இருக்கக் கூடாது.

இளவரசி இப்படி நினைத்துக்கொண்டேதான் செங்கேணியின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் விரித்திருந்த துண்டின்மேல் வைத்தாள். நினைப்பு அதன் போக்கில் ஓடியது. கைகள் அவற்றின் வேலையைச் செய்தன. நேற்றைய கட்டு புண்ணோடு ஒட்டியிருந்தது. பாட்டிலில் இருந்த சலைன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இருந்த இடத்தைப் புதுத்தோல் மூடிக்கொண்டு வந்தது. உள்ளங்காலில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் ஆறவில்லை. அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி மோந்து பாக்குற? கருவாடா அது?" என்றாள் செங்கேணி.

"கம்னு இரு யக்கா. நேத்து வாட இருந்துச்சு, இன்னிக்கி இல்ல. அத்தான் பாத்தேன்."

"உன் மூக்குக்கு இல்ல. என் மூக்குக்கு எப்பவும் அடிச்சிக்கினுதான் கீது."

மணி ஏழு இருக்கும். செங்கேணியின் மகன் ஜெகன் ஐந்தரைக்கே ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அவன் போன பிறகுதான் இளவரசி வருவாள். அவன் இருக்கும்போது செங்கேணி காலைப் போர்வையிலிருந்து வெளியே எடுக்க மாட்டாள். கட்டு நர்சம்மா போடுகிறார் என்றுதான் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆறு மாதமாக இப்படி நடக்கிறது. போன ஐப்பசியில் நடவு வயலில் நத்தை ஓடு கிழித்த காயம். சர்க்கரை இருப்பது அதுவரை தெரியாது. தெரிந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் இளவரசி பார்க்கப் போனாள். கட்டு மாற்றத் தெரியாமல் செங்கேணி ஒற்றை ஆளாக அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது இளவரசி பார்த்ததே இல்லை.

இருபது வருடம் இருவரும் ஒரே நடவுக் கும்பலில் இருந்தவர்கள். பதினாலு பெண்கள். செங்கேணிதான் தலைவி. சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மற்றக் கும்பல்களின் தலைவிகள் வரப்பில் நின்று வேலை ஏவுவார்கள். செங்கேணி வரப்பில் நின்று யாரும் பார்த்ததில்லை. சேற்றில் முதலில் இறங்குவது அவள் கால்தான். கால்வாயை ஒட்டிய ஆழமான பகுதியை அவள் எடுத்துக்கொள்வாள். முள்ளும் உடைந்த நத்தை ஓடும் வந்து சேருகிற இடம் அது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் வரப்போரம். இதை அவள் ஒரு விதியாகச் சொன்னதில்லை. எல்லோரும் இறங்கும்போது பார்த்தால் அவள் ஏற்கெனவே கால்வாய்ப் பக்கம் குனிந்திருப்பாள்.

அன்று அழுது முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "யாராண்டயும் சொல்லாதடி. கால் இப்டி கீதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

அதற்குப் பிறகு அவள் ஆலயத்துக்கு வருவதும் நின்றுவிட்டது. சீயோன் ஆலயத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே பாய் விரித்திருக்கும். ஜெபத்துக்கு முட்டி போடும்போது, பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் உள்ளங்கால் தெரியும். செங்கேணி எப்போதும் இரண்டாவது வரிசையில் உட்காருகிறவள். அவளுக்குப் பின்னால் எத்தனை கண்கள் என்று அவளுக்குத் தெரியும்.

புதுக் கட்டைப் போட்டு, பிளாஸ்திரியை ஒட்டி, வாளித் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றிவிட்டு இளவரசி வீட்டுக்குப் போனாள். கதவை யாரும் திறக்கவில்லை.

*

அன்று மதியம் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தபோது போனைக் கையில் எடுத்தாள். சபையின் ஜெபக் குழுவில் யார் யாருக்கோ ஜெபக் குறிப்புகள் வந்திருந்தன. ஒருவர் மகளுக்கு வரன். ஒருவர் மகனுக்கு விசா. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் என்பதால் வழக்கத்தைவிட அதிகம். இளவரசியும் எழுதினாள்.

"செங்கேணி அக்காவின் கால் புண் சீக்கிரம் ஆறும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்."

இதோடு நிறுத்தியிருந்தால் கூட ஒரு வாக்கை மீறியது மீறியதுதான். ஆனால் ஜெபத்துக்காகத்தானே சொன்னேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்திருக்கும். அவள் விரல் நிற்கவில்லை.

"தினமும் காலையில் நான்தான் போய்க் கழுவிக் கட்டுகிறேன்."

அனுப்பிவிட்டாள்.  முதல் வாக்கியம் செங்கேணிக்கு. இரண்டாவது யாருக்கு? கடவுளுக்கா? அவருக்கு அந்தத் தகவல் எதற்கு? அவர் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

அழித்துவிடலாம் என்று அந்தச் செய்தியின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். அதற்குள் கூப்பிய கைகள் வரத் தொடங்கிவிட்டன. ஒன்று, மூன்று, ஏழு. 'உங்களைப் போல யார் வருவாங்க சிஸ்டர்' என்று அம்முலு எழுதியிருந்தாள். பெண்கள் ஐக்கியத்தில் இளவரசியின் பேச்சுக்கு எப்போதும் குறுக்குப் பேச்சு வைக்கிற அம்முலு. இளவரசி விரலை எடுத்தாள். மாலைக்குள் இருபத்து மூன்று கூப்பிய கைகள் வந்திருந்தன. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள்.

செங்கேணியிடம் இருந்தது பட்டன் போன். அதில் இதெல்லாம் வராது. அந்த நினைப்பும் அவளுக்கு அன்று ஆறுதலாகத்தான் இருந்தது.

*

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தானியேல் ஐயர் அவளைக் கூப்பிட்டார். அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். எட்டு ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு அவர் ஒருவர்தான் போதகர். வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த முதல் வாரமே ஆலயத்துக் கழிப்பறையைத் தானே தேய்த்துக் கழுவியவர். சொல்வதைச் செய்கிற மனிதர் என்று இளவரசிக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

"இளவரசிம்மா, பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவுற ஆராதனை முடிஞ்சதும் அந்தத் தண்ணிய நீங்கதான எடுத்துப் போய் ஊத்துறீங்க?"

"ஆமாங்க ஐயரே. செம்பருத்திச் செடியாண்ட."

"அந்தத் தண்ணி எப்பவாவது அழுக்கா இருந்திருக்கா?"

இளவரசிக்குச் சிரிப்பு வந்தது. அவள் மட்டும் அறிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, வருடா வருடம் ஐயர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். பெயர்களை முந்தின ஞாயிறே வாசித்துவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் வியாழக்கிழமை மாலை சோப்புப் போட்டு, குதிகாலைக் கல்லில் தேய்த்து, சிலர் மருதாணிகூட வைத்துக்கொண்டு வருவார்கள். ஐயர் கழுவி முடித்த பிறகும் பாத்திரத்தின் அடியில் பித்தளை பளிச்சென்று தெரியும். அந்தத் தண்ணீரில் அரிசி களையலாம்.

"ஒரே ஒரு தபா ஐயரே. நீங்க வர்றதுக்கு முன்ன. நாலு வருசம் இருக்கும்."

அந்த வருடம் செங்கேணியின் பெயர் வந்திருந்தது. அன்று பகல் முழுக்கத் தென்னேரிப் பக்கம் வேலை. பஸ் தாமதம். விரலிடுக்கில் காய்ந்த சேற்றோடு அப்படியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பழைய ஐயர் மூன்று முறை தண்ணீர் மாற்றினார். 'வயலையே தூக்கிக்கினு வந்துட்டா' என்று அம்முலு வாய்விட்டுச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். செங்கேணியும் சிரித்தாள். 'பின்ன? அதுக்குத்தான கயுவறாரு?' என்று காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

கதையைக் கேட்டு தானியேல் ஐயர் சிரிக்கவில்லை. 

"நான் வாட்சாப்புல நீங்க போட்டதப் படிச்சேன் இளவரசிம்மா. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கல. நான் கழுவிட்டு வந்த காலக் கழுவுறேன். அதுக்கு அங்கி போட்டுக்கிறேன், பின்னாடி பாட்டுப் பாடுறாங்க. நீங்க நெஜமாக் கழுவுறீங்க. அதனால இந்த வருசம் நான் கழுவப் போறதில்ல."

"ஐயரே?"

"நீங்க கழுவுங்க. செங்கேணியம்மா காலை. ஆராதனையில, எல்லாரு முன்னாடியும். பேராயர் வர்றாரு. நம்ம திருச்சபைப் பத்திரிகைக்கு ஒரு படம் கேட்டிருக்காங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் சேகரத்துப் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி தேர்தல் வருது, எட்டுச் சபையும் பாக்கட்டும். தலைமைன்னா கையில மைக்கு இல்ல, துண்டுதான்னு நான் எத்தனை பிரசங்கம் பண்ணினாலும் இவங்களுக்கு ஏறாது. ஒரு தடவ பாத்தா ஏறும்."

அவர் குரலில் பொய் ஒரு துளியும் இல்லை. அதுதான் கஷ்டம். பொய் இருந்திருந்தால் இளவரசி அங்கேயே சுதாரித்திருப்பாள்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் ஐயரே," என்றாள்.

சபையில் இப்படிச் சொன்னால் மாட்டேன் என்றும் அர்த்தமாகலாம், சரி என்றும் அர்த்தமாகலாம். அவள் மனதில் சரி என்றுதான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தாள். ஊதாக் கரை போட்ட வெள்ளைப் புடவை ஒன்று இருந்தது. அதை எடுத்து இஸ்திரி போட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, கட்டில் கால் முன்னால் ஒரு பாத்திரத்தை வைத்து முட்டி போட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பினால் சபைக்கு முதுகு. அந்தப் பக்கம் திரும்பினால் முகம் தெரியும். ஆனால் முகம் தெரிய வேண்டும் என்று திரும்பியது போல இருக்கக் கூடாது. கொஞ்சம் சாய்வாக, தலையைக் குனிந்து...

"இன்னா, கட்டிலுக்குக் கால் வலியா?" என்று கதவருகில் குரல் கேட்டது. கணவன் தமிழ்வாணன் சாப்பிட வந்து நின்றிருந்தான்.

"ஒண்ணுமில்ல. காதுல போட்டிருந்தது கீழ வியுந்துட்ச்சி."

"ரெண்டும் காதுலதான கீது?"

அவளுக்குச் சோற்றைப் போடும்போது முகம் எரிந்தது. ஆனாலும் படுத்த பிறகு கண்ணை மூடினால் அந்தச் சாய்வான முகம்தான் வந்தது. அது அழகாக இருந்தது. தாழ்மையான முகம். தன் முகமே என்று நம்ப முடியாத அளவுக்குத் தாழ்மை.

*

செவ்வாய்க்கிழமை காலை இளவரசி போனபோது செங்கேணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலருகில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. போர்வை இடுப்பிலிருந்து பாதம் வரை இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது.

"யாரு வந்தது யக்கா?"

"அம்முலு. நேத்து சாயங்காலம். நான் தூங்கிக்கினு இருந்தேன். கண்ணத் தொறந்தா கால்மாட்டுல நிக்கிறா. போர்வைய விலக்கிப் பாத்துட்டு 'ஐயோ கர்த்தாவே'ன்றா. நீ போன்ல போட்டதயும் சொன்னா. ஜெபம் பண்ணிட்டுப் போனா. நல்லாத்தான் பண்ணா, நீட்டமா."

இளவரசி வாளியைக் கீழே வைத்தாள். கை மட்டும் வாளியின் பிடியிலேயே இருந்தது.

"எத்தினி பேருடி கீறாங்க அந்த குரூப்புல?"

"எய்பத்தி மூணு."

"எய்பத்தி மூணு," என்றாள் செங்கேணி. கணக்குப் போடுகிறவள் மாதிரி கூரையைப் பார்த்தாள். "நம்ம கும்பல்ல பதினாலு பேரு. அதுலயே ஒரு பேச்ச ஒளிச்சி வைக்க முடியாது. எய்பத்தி மூணு பேருன்னா உத்திரமேரூரு பஸ் ஸ்டாண்டு வரிக்கும் பூட்டிருக்கும்."

"யக்கா, நான் ஜெபத்துக்காகத்தான்..." என்று தொடங்கிய இளவரசி நிறுத்தினாள். அந்த வார்த்தை வாயில் ஒட்டவில்லை. "சொல்லியிருக்கக் கூடாது யக்கா."

"சொல்ட்ட. திரும்ப எடுத்து வாயில போட்டுக்கவா முடியும்?" செங்கேணி ஒரு வாழைப்பழத்தை உரித்து, சர்க்கரை நினைவு வந்து இளவரசியிடம் நீட்டினாள். "துன்னு. எனக்கு வாங்கிக்கினு வந்துகீறா பாரு, புத்திசாலி."

இளவரசி பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ஐயரு சொன்னாருன்னு வியாயக்கிழமக் கதையும் சொன்னா. பிஷப்பு வராராமே. நீ எனக்குக் கயுவப் போறியாமே. அப்பறம் உன்னியத் தலைவி ஆக்கப் போறாங்களாமே. வயித்தெரிச்சலோட சொன்னா, அதனால நெசமாத்தான் இருக்கும்."

"இன்னும் ஒண்ணும் முடிவாவல யக்கா."

செங்கேணி போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தானே விலக்கினாள்.

"வரேன்."

"யக்கா?"

"வரேன்டி. ஆட்டோ வெச்சி இட்டுக்கினு போ. ஆறு மாசமா குனிஞ்சிக் கெடக்கிற. உனக்கு ஒரு பேரு வருதுன்னா எங்காலு இன்னா தேஞ்சா பூடும்? தேயறதுக்கு மிச்சம் எட்டு வெரலுதான் கீது."

இளவரசிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ கனம் இறங்கியது போல இருந்தது. வருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். இனி யார் மேலும் தப்பில்லை. அந்த இலேசான நெஞ்சோடுதான் அவள் அன்று கட்டு மாற்றினாள். கட்டு மாற்றும்போது செங்கேணி வழக்கமாக அடிக்கிற கேலி எதையும் அன்று அடிக்கவில்லை என்பது வீடு திரும்பிப் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

*

புதன்கிழமை காலை கட்டிலில் செங்கேணி இல்லை.

கொல்லையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. இளவரசி ஓடினாள். துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, செங்கேணி ஓர் உடைந்த செங்கல் துண்டால் வலது குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடச் சேறு ஏறிய வெடிப்புகள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. இடது காலில் கட்டு இல்லை. அவிழ்த்துப் பக்கத்தில் போட்டிருந்தாள். சோப்பு நுரை புண்ணின்மேல் காய்ந்திருந்தது. அதற்கு மேலே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. இளவரசி குனிந்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடர். அந்த வெள்ளைக்கு நடுவே இரத்தம் கசிந்து, ரோஜா நிறத்தில் குழைந்திருந்தது.

"இன்னா யக்கா பண்ணி வெச்சிகீற!"

"கத்தாத. நாளிக்கு எல்லாரும் கயுவிக்கினுதான வருவாங்க? நான் மட்டும் இப்டியே வந்து, வாட அடிச்சி, பிஷப்பு மூக்கப் பொத்திக்கினாருன்னு வெச்சிக்க... எனக்கு இன்னா? உனக்குதான அசிங்கம்?" அவள் மூச்சு வாங்கினாள். "பவுடரு ஜெகனோடது. நல்ல வாசன. மோந்து பாரேன்."

இளவரசி முகர்ந்து பார்க்கவில்லை. செங்கேணியின் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தூக்கியும் நடத்தியும் உள்ளே கொண்டுவந்தாள். கட்டிலில் உட்கார வைத்தாள். துண்டை மடியில் விரித்தாள். சலைன் தண்ணீரை விட்டு விட்டுப் பவுடரைக் கரைத்தாள். மாவு போல அது புண்ணின் ஓரங்களில் அடைந்திருந்தது. ஒரு பஞ்சு, இன்னொரு பஞ்சு. செங்கேணி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அதுக்குத்தான கயுவறாரு என்று காலை நீட்டியவள். இளவரசியால் அந்த நீட்டிய காலை மறக்க முடியவில்லை. சேற்றோடு வந்த கால் அது. சபையே சிரித்தபோதும் உள்ளே இழுத்துக்கொள்ளாத கால். ஆஸ்பத்திரிக் கத்திக்குத் தப்பிய அதை நான் என்ன செய்துவிட்டேன்? பவுடர் பூச வைத்துவிட்டேன். நான் குனிந்த ஒவ்வொரு காலையையும் அவள் எண்ணி வைத்திருக்கிறாள். அவளாக எண்ணவில்லை. நான்தான் எண்ணி எழுபத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். வரப்போரத்தை எங்களுக்கு விட்டுவிட்டுக் கால்வாய்ப் பக்கம் போனவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்து, உங்களுக்காகத்தான் இங்கே நிற்கிறேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த வரப்பில் எங்களால் நிற்க முடிந்திருக்குமா?

வெளியே சைக்கிள் மணி அடித்தது. பால்காரர் திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, காலுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லண்ணா. பால அங்க வெச்சிட்டுப் போங்க," என்ற இளவரசி, மடியிலிருந்த காலை அசைக்காமல் தன் காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புதுக் கட்டைப் போட்டு எழுந்தபோது செங்கேணி கேட்டாள்.

"நாளிக்கு ஆட்டோ எத்தினி மணிக்கு?"

"கால ஆட்டாம படு யக்கா. சாயங்காலம் நர்சம்மாவ இட்டாறேன், ஒரு தபா பாக்கட்டும்."

"ஆட்டோ எப்பன்னு கேட்டேன்."

"படு யக்கா."

செங்கேணி அவள் முகத்தைப் பார்த்தாள்.  வலது காலை மட்டும் மெல்லப் போர்வைக்கு வெளியே நீட்டிக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டாள்.

*

மதியம் மூன்று மணிக்கு ஆலயத்தில் யாரும் இல்லை. இளவரசி பாய்களை உதறிச் சுருட்டி வைத்துவிட்டு, பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டது. தானியேல் ஐயர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் புத்தம் புது வெள்ளைத் துண்டு. இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

"காஞ்சிபுரத்துல வாங்கினேன் இளவரசிம்மா. நல்லாத் தண்ணி உறிஞ்சுமாம். போட்டோ எடுக்கிறவரு நாளைக்கு அஞ்சு மணிக்கே வந்துடுவாரு. நாற்காலிய எங்க போடலாம்? இங்க போட்டா பேராயருக்கு மறைக்கும், இல்ல?"

இளவரசி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் மாட்டேங்க ஐயரே."

அவருக்கு முதலில் புரியவில்லை. நாற்காலியின் இடத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தார் போல. பிறகு புரிந்தது.

"செங்கேணியம்மா வர மாட்டேன்னுட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும். யாருக்கும் வருத்தம் இல்லை. தலைவி தேர்தலும் அப்படியே இருக்கும். அந்தத் தலையசைப்பு கழுத்து வரை வந்ததை அவள் உணர்ந்தாள்.

"இல்லிங்க. அக்கா வரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்."

"ஏம்மா? கூச்சமா? நான் உங்களப் பெருமைப்படுத்தக் கூப்பிடல. பாக்குறவங்க கத்துக்கணும்னு கூப்பிடுறேன். நாம ஒதுங்கிக்கிறதும் சில நேரம் ஒரு விதமான பெருமைதான் இளவரசிம்மா. யோசிச்சுப் பாருங்க."

அது அவளுக்கும் தெரியும். காலையிலிருந்து அதையும் சேர்த்துத்தான் யோசித்திருந்தாள். முட்டி போடுகிறதில் இருக்கிற பெருமை, முட்டி போட மறுக்கிறதிலும் வந்து உட்காரும். எதிலிருந்தும் அதை முழுக்க உரித்து எடுக்க முடியாது போலிருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. நாளைக்கு அந்த நாற்காலியில் செங்கேணியின் கால் இருக்கக் கூடாது.

"நான் யாருகிட்டயும் இப்படி எதிர்பார்த்ததில்ல. உங்ககிட்ட எதிர்பார்த்தேன்," என்றார் ஐயர். கோபமாக இல்லை. வருத்தமாகச் சொன்னார். "இப்ப கடைசி நேரத்துல நான் யாரப் போய்க் கேக்குறது? அம்முலும்மாவ வேணா கேட்டுப் பாக்குறேன். அவங்க யாரோ ஒருத்தர் காலக் கழுவட்டும். ஆனா ஒரு காரணமாவது சொல்லுங்க."

காரணம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. 'யாரும் பாக்காத எடத்துல கழுவிக்கிறேன் ஐயரே.' நல்ல வாக்கியம். கேட்டால் அவர் கண் கலங்கும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் சொல்வார். பேர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுத்ததால் இழந்தது எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் வட்டியோடு திரும்பி வந்துவிடும்.

அவள் அதை விழுங்கினாள். 

ஐயர் காத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அவளைப் பற்றி ஏதோ ஒன்று மெல்ல மாறிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். மாறட்டும் என்று விட்டாள்.

"மன்னிச்சிக்குங்க ஐயரே," என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து பாத்திரத்தைத் திருப்பி வைத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.